காலுக்கு முன்னே வந்த தரை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘அரைப்படி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பள்ளியில் எடுத்த குழுப்படம் எல்லாவற்றிலும் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவள் அவள். ஒருமுறைகூடப் பின்வரிசையில் நின்றதில்லை. “கடுகு சிறுத்தாலும்...” என்று யாராவது ஆறுதலாக ஆரம்பித்தால், “காரம் குறையாது, சரி, தாடையை இது மேல வைங்க” என்று தானே முடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கண்ணாடிக்கு அளவு பார்ப்பது அவள் வேலை. அரையிருட்டான அறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். பாதிப் பேர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்பார்கள். மீதிப் பேர் பரீட்சைக்கு வந்தவர்களைப் போல, அவள் முகத்தைப் பார்த்துச் சரியான விடை எது என்று தேடுவார்கள். வந்தவர் நெட்டையாக இருந்தால் நாற்காலியை இறக்குவாள். அப்படியும் எட்டாவிட்டால் ஒரு மர முக்காலியை இழுத்துப்போட்டு ஏறிக்கொள்வாள்.

இவள் ஓட்டியது அந்த வட்டாரத்திலேயே உயரமான பைக். மலையும் மேடும் ஏறவென்று செய்த அட்வென்சர் டூரிங் வண்டி. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு, பார்க்க ஒட்டகம் நிமிர்ந்து நிற்பது போலிருக்கும். மலைக் கிராமங்களில் கண் முகாம் நடக்கும்போது ஆஸ்பத்திரி வேன் பாதி நாள் வராது. வேனுக்காகக் காத்திருந்து சலித்துப்போய்த்தான் பழைய வண்டியாக இதை வாங்கினாள். விற்றவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரருக்காம்மா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் சரிபார்க்கிறவர். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே வாந்தி எடுக்கிற மனிதர். பைக்கை ஆறடி தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு காலும் தரையில் பாவாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வண்டி நிற்பதற்குச் சற்று முன்பு இடுப்பை இருக்கையின் இடப்பக்கம் வழியவிடுவாள். வலது கால் பிரேக்கை விடாது. இடது கால் நீண்டுபோய், கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் தரையைத் தொடும். அந்த இரண்டு விரலில்தான் அவ்வளவு பெரிய வண்டியும் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். அவளுக்குப் பல் துலக்குவது மாதிரி. ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட வண்டியைக் கீழே போட்டதில்லை.

பின்னால் உட்கார்வது மாமியார். அதுதான் அந்த வீட்டின் விசேஷம். தபால் நிலையத்தில் பார்சல் பிரிவிலேயே ஆயுசைக் கழித்தவர் அவர். அடுத்தவர்கள் அனுப்பும் பெட்டிகளில் ஊர்ப் பெயர்களைப் படித்துப் படித்தே பணி ஓய்வு பெற்றார். ஒருநாள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மருமகள் பின்னால் ஏறினார். ரயிலடியில் இறங்கியவர், “இப்படியே போயிடலாமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து முகாம் இல்லாத லீவு நாட்களில் இரண்டு பேரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். ஊரில் மாமியாரும் மருமகளும் கீரியும் பாம்புமாக இருக்க, இவர்கள் ஒரே இருக்கையில் போய்வந்தார்கள். பாவம், மகன்தான் வீட்டில் தனியாகத் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டினார்.

வண்டிக்கு வயதானது. ஒருநாள் வாசலில் எண்ணெய் சொட்டியிருந்தது. குலுக்கலைத் தாங்கும் பின் ஷாக் அப்சார்பரின் சீல் போய்விட்டது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி படகு மாதிரி மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. மாமியார் பின்னாலிருந்து, “எனக்கென்னமோ தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு, தூக்கம் வருது” என்றார்.

மெக்கானிக் முப்பது வயதுக்காரர். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். பேசும்போது எப்போதும் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். கை சுத்தமாக இருந்தாலும் துடைப்பார்.

“அக்கா, இது பழைய காலத்து எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன். ஒரு ஆளு, ரெண்டு ஆளு, பெட்டின்னு நீங்கதான் பட்டனை அமுக்கிச் சொல்லணும். இதைத் திறந்து ரிப்பேர் பண்றதுக்குப் பதிலா முன்னாடி பின்னாடி ரெண்டையும் மாத்திடலாம். இப்ப வர்றது தானே எடை பார்க்கும், தானே ரோட்டைப் பார்த்துக்கும். அதைவிட முக்கியமா...” என்று நிறுத்தி, அவள் காலைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார். “வேகம் குறைஞ்சு நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா வண்டி தானா இறங்கிக்கும். கிளம்பினா திரும்ப ஏறிக்கும்.”

“ஒட்டகம் மாதிரியா?” என்றார் கூட வந்திருந்த மாமியார்.

“கிட்டத்தட்ட.”

அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து உலகம்தான் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. முதல்முறையாக ஒரு பொருள் அவளுக்காகக் குனிகிறேன் என்கிறது. மாற்றச் சொல்லிவிட்டாள்.

வண்டி திரும்பி வந்த அன்று தனியாக ஓட்டிப் பார்த்தாள். ஓடும்போது வெண்ணெய். ரயில்வே கேட்டின் தண்டவாளங்களைத் தாண்டியதே தெரியவில்லை. ஆனால் பெட்ரோல் பங்கில் நிறுத்தும்போது ஏதோ தப்பு நடந்தது. அவள் கால் நீளும் முன்பே தரை வந்துவிட்டது. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன், இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துத் தரையில் ஓங்கி மிதிப்பானே, அப்படி. குதிகால் ணங்கென்று அடித்து முழங்கால்வரை ஏறியது. சரி, புதுசு, பழகிவிடும் என்று நினைத்தாள். ஒரு வாரத்தில் பழகவும் செய்தது. இடுப்பைக் கொஞ்சமாக நகர்த்தினால் போதும், பாதம் முழுக்கப் பதிகிறது.

அந்த தைரியத்தில் மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கடைத்தெரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஒரு வாரம் பழகிய கணக்கில் காலை இறக்கினாள். தரை அதைவிட முன்னால் வந்து நின்றது. உருண்டுகொண்டிருந்த வண்டியில் பாதம் சிக்கிப் பின்னால் இழுபட்டது. முழங்கால் மடங்கியது. ஏழு வருஷம் விழாத வண்டி, எதிரே பேருந்து நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, இடப்பக்கம் அலுங்காமல் சாய்ந்து அலுமினியப் பெட்டியின்மேல் படுத்துக்கொண்டது. மாமியார் பேருந்திலிருந்து இறங்குகிறவர் போல நிதானமாகக் காலை எடுத்துவைத்து இறங்கினார்.

“வந்தாச்சா?” என்று கேட்டார். பிறகுதான் நிலைமை புரிந்தது. “ஐயோ, கண்ணு! அடி பட்டுச்சா?”

அடி ஒன்றும் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று வண்டியைத் தூக்கிவிட வந்த ஒருவர் சொன்னார். அதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. அன்று மாலை திரும்பி வரும்போது நடந்ததுதான் அவளைக் குழப்பியது. வழியில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி, அடுத்த சிக்னலில் பயந்து பயந்து, காலையில் கற்ற பாடத்தை வைத்து முழங்காலை மடக்கித் தயாராக நிறுத்தினாள். இப்போது தரை அங்கே இல்லை. கொஞ்சம் கீழே போயிருந்தது. தடுமாறி விரலால் எட்டிப் பிடித்தாள். காலையில் மேடாக இருந்த பூமி மாலையில் பள்ளமாகிவிடுமா?

மெக்கானிக்கிடம் போனாள். அவர் கணினியை மாட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை என்றது. தானே ஓட்டிப் பார்த்தார். நூறு தடவை நிறுத்தினாலும் ஒரே உயரம்.

“சாஃப்டா வெச்சிருக்கேன், ஓட்டிப் பாருங்க” என்றார். ஓட்டினாள். “இப்ப கொஞ்சம் ஹார்டா வெச்சிருக்கேன்.” ஓட்டினாள். “எது நல்லா இருக்குக்கா? முன்னதா, இதுவா?”

 அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான்...” என்றாள். சொன்ன குரல் தன் அறையில் தினமும் கேட்கிற குரலாகவே இருந்தது. அவளுக்கே சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

அதன்பிறகு குழப்பம் வண்டியோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் இரண்டு தடவை கால் இடறினாள். முக்காலியிலிருந்து இறங்கும்போது கீழே குனிந்து தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். நான் ஓட்டத் தெரிந்தவள்தானா, இல்லை ஏழு வருஷமாக ஒரே ஒரு வித்தையை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்தேனா என்று சாப்பிடும்போதுகூட யோசித்தாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

“பழசையே திரும்பப் போட்டுடு” என்றார் வீட்டுக்காரர். “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு.”

“சும்மா எங்கங்க கிடந்துச்சு? எண்ணெய் சொட்டிட்டு இருந்துச்சு.”

“எங்க வேலையில ஒரு மீட்டர் ரெண்டு விதமா காட்டினா, மீட்டரைத் தப்பு சொல்றதுக்கு முன்னாடி யாரு குழாயைத் திறந்து மூடுறாங்கன்னு பார்ப்போம்.”

“இங்க குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் கோபமாக.

மாமியாருக்கோ புது சஸ்பென்ஷன் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. “முன்னெல்லாம் ஏறணும்னா சுவரைப் பிடிச்சு, காலைத் தூக்கி, சாமியைக் கூப்பிட்டு ஏறணும். இப்ப சோபாவுல உக்கார்ற மாதிரி இருக்கு. மாத்தாதே கண்ணு. உன் கால்தான் பழகணும்.”

உன் கால்தான் பழகணும் என்றது முள்ளாகத் தைத்தது. எந்தத் தரைக்குப் பழகுவது? காலைத் தரைக்கா, மாலைத் தரைக்கா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறார்கள். இவள் ஆழம் பார்த்துத்தான் விட்டாள். ஆழம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அறையில் ஒரு பெரியவர், இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, முதலில் தெரிகிறது என்றார், பிறகு தெரியவில்லை என்றார், மறுபடி தெரிகிறது என்றார். அவள் வழக்கம்போல அவருடைய ஒரு கண்ணை மூடினாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கண் குறும்பு செய்கிறது என்று தெரியாது. மூடிய கை அப்படியே நின்றது. தனியாக ஓட்டியபோது ஒரு நாளும் தரை மாறவில்லையே! மெக்கானிக் தனியாக ஓட்டியபோதும் மாறவில்லை. மாறினதெல்லாம்...

“கையை எடுக்கலாமாம்மா?” என்றார் பெரியவர்.

விடுமுறை நாளில் ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். மாமியாரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் மனசு நோகுமோ என்று பயம். “அத்தை, சும்மா கொஞ்சம் ஏறி இறங்குங்க” என்றாள். சாவியைத் திருகி, எஞ்சினை ஓடவிட்டு, பிறகு மாமியாரை ஏற்றி ஒரு சுற்று வந்து நிறுத்தினாள். தரை மேலே இருந்தது. எஞ்சினை அணைத்தாள். மாமியார் இறங்க எழுந்தார். “இருங்க, இறங்காதீங்க.” அவர் உட்கார்ந்தபடியே இருக்க, மறுபடி சாவியைத் திருகினாள். அடியில் ஏதோ மெல்ல முனகியது. வண்டி ஒரு விரல்கடை உயர்ந்ததை இருவரும் உணர்ந்தார்கள். சுற்றிவந்து நிறுத்தினாள். தரை கீழே போயிருந்தது, தனியாக ஓட்டும்போது இருக்கும் இடத்துக்கு.

இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. சாவி திருகும்போது ஒருமுறைதான் வண்டி எடை பார்க்கிறது. அந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. வீட்டில் கிளம்பும்போது என்ன நடக்கும்? அவள் எஞ்சினைச் சூடுபடுத்தியபடி தெருவில் நிற்பாள். மாமியார் கேட்டைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப்பார்த்து, பிறகுதான் வந்து ஏறுவார். வண்டியைப் பொறுத்தவரை அந்த அம்மாள் வரவே இல்லை. கணக்கில் வராத பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, நிற்கும்போது இன்னும் தாழ்ந்துபோகும். வழியில் காபிக்கு நிறுத்தினால் மாமியார் இறங்காமல் உட்கார்ந்தபடியே குடிப்பார். திரும்பச் சாவி திருகும்போது மாமியார் கணக்கில் வந்துவிடுவார், வண்டியும் நிமிர்ந்துகொள்ளும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். கண்டுபிடித்ததைச் சொன்னாள். துணியில் கை துடைக்கிற சத்தம் கேட்பது போல இருந்தது.

“ஆமாக்கா... அது சாவி போடுறப்பதான் எடை பார்க்கும். நான் சொல்லலையா?”

“சொல்லல தம்பி.”

“சொன்னேன்னு நினைச்சேன்” என்றார்.

மாமியார் இதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் சுண்டியிருந்தது.

“அப்ப அன்னைக்கு உன்னைத் தள்ளிவிட்டது நான்தானா?”

“சேச்சே. நம்ம வீட்டு கேட்தான் தள்ளிவிட்டுச்சு.”

“நான் அவ்வளவு பாரமா இருக்கேனா கண்ணு?”

“இல்ல அத்தை. நீங்க பாரமா இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியாமப் போனதுதான் தப்பு. தெரிஞ்சா அது பாட்டுக்கு நிமிர்ந்துக்குது.”

மாமியார் இதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா குத்தல் என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. காலியான நிறுத்துமிடத்தில் காவலாளி எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

ஒரு சிக்கல் தீர்ந்தால் இன்னொன்று. இனி மாமியார் முதலில் ஏறி உட்கார வேண்டும். அப்படியானால் கேட்டைப் பூட்டுவது யார்? வீட்டுக்காரர்தான் பூட்ட வேண்டியதாயிற்று. லீவு நாளில் போர்வைக்குள் கிடக்கிற மனிதர் லுங்கியோடு வாசலுக்கு வந்து, “நான் அன்னைக்கே சொன்னேன், யாரு திறந்து மூடுறாங்கன்னு பாருன்னு” என்று கொட்டாவிக்கு நடுவில் சொல்லிவிட்டுப் பூட்டினார். அவர் சொன்னது அதுவா, வேறா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. ஆறடி தள்ளி நிற்கிறவர் அன்று வண்டியின் பக்கத்தில் வந்து, அம்மாவின் தலைக்கவச வாரைச் சரிபார்த்தார்.

அதற்காகக் கால் ஒரே நாளில் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புத்திக்குப் புரிந்தது முழங்காலுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் ஒரு கணம் காற்றில் தயங்கியது. ஏழு வருஷத்து வித்தை ஒரு பக்கம் இழுத்தது, புதுப் பாடம் இன்னொரு பக்கம் இழுத்தது. சில நேரம் இடுப்பு பழைய பழக்கத்தில் தானாக வழியும். அவள் அதை அதட்டித் திருப்பி வைப்பாள்.

பிறகு ஒருநாள் மலைக்குப் போனார்கள். மேலே ஏறும் பாதையில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. தார் வாடை. வளைவில் ஒரு பெண் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நல்ல ஏற்றம், போதாததற்கு ஜல்லி வேறு. பழைய நாளாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்த இரண்டு விரல் போதாது, ஓரத்துக் கல்லைத் தேடியிருப்பாள். வேகம் குறைந்தது. வண்டி அவளுக்குக் கீழே மெல்லத் தாழ்ந்தது. இடது பாதம் குதிகாலோடு பதிந்தது. அந்தச் சுகத்தில், அவள் நினைக்காமலே, வலது காலும் பெடலை விட்டு இறங்கித் தரையில் நின்றது.

ஏழு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு காலும் மண்ணில். அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. குனிந்து தன் வலது பூட்ஸைப் பார்த்தாள். யாருடைய காலோ போலிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

“கண்ணு, நாம பின்னாடி போறோம்!” என்று கத்தினார் மாமியார்.

வலது கால் இறங்கிவிட்டால் பின் பிரேக்கைப் பிடிக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கைப் பிரேக்கை அழுத்தினாள். ஜல்லி கரகரக்க வண்டி நின்றது.  மாமியார் அவள் தோளைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தாமல், “நல்ல வேளை, என்னைக் கணக்குல சேர்த்துட்டு வந்தே” என்றார்.

பலகை பிடித்திருந்த பெண் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் குள்ளம்தான். பலகைக் கம்பு அவளைவிட ஒரு சாண் உயரம். பக்கத்தில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, இது எவ்வளவு உயரம் இருக்கும்?”

அரைப்படி கொஞ்சம் யோசித்தாள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

“நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?” என்று கேட்டாள். அதுவும் போதாது என்று தோன்றவே, “நான் மட்டுமா, அத்தையோடவா?” என்றாள்.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.